வயிற்றுக் கோளாறு அல்ல, புலிமியா

புலிமியா நெர்வோசா உள்ளவரை முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆள் எலும்பும் தோலுமாக இருக்கமாட்டார். எடை பெரும்பாலும் சராசரியாகவோ கொஞ்சம் கூடுதலாகவோதான் இருக்கும். பந்தியில் எல்லோருடனும் உட்காருவார்; பரிமாற வந்தால் இலைக்குக் குறுக்கே கையை நீட்டுவார். வீடு அடங்கிய பிறகுதான் அடுக்களைக்குள் போவார். மீந்த சோறு, பிஸ்கட் பாக்கெட், யாருக்கோ வாங்கி வைத்த மக்ரூன், சீனி டப்பா என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ருசிகூடப் பார்க்காமல், நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல், வயிறு வலிக்கும்வரை தின்பார். முடிந்ததும் பயம் பிடித்துக்கொள்ளும். தின்றது உடம்பில் ஒட்டிவிடக் கூடாது என்று வாந்தி எடுப்பார். சிலர் பேதி மாத்திரை போடுவார்கள், சிலர் மறுநாள் முழுக்கப் பட்டினி கிடப்பார்கள், சிலர் மொட்டைமாடியில் மணிக்கணக்காக நடப்பார்கள். நாலு நாள் கழித்து மறுபடியும் அதே கதை.

இதைத் தீனிவெறி என்றும் திமிர் என்றும் சொல்லும் வாய்கள் உண்டு. மருத்துவம் நோய் என்கிறது. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருந்த ஜெரால்ட் ரஸ்ஸல், தன்னிடம் வந்த 30 பேரைப் பற்றி 1979-ல் எழுதிய கட்டுரையில்தான் இந்த நோய்க்கு இந்தப் பெயர் வந்தது. கட்டுமீறித் தின்பதும் அதை ஈடுகட்டும் வேலையும் வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதம் தொடர்ந்து நடக்க வேண்டும். தன்னைப் பற்றிய மதிப்பெல்லாம் எடையிலும் உடல்வாகிலும் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். அப்போது மருத்துவர் புலிமியா என்பார். கல்யாண வீட்டில் ஒருநாள் மூச்சுமுட்டத் தின்றது இதில் சேராது. ‘கை என் பேச்சைக் கேட்கவில்லை’ என்ற தவிப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நம் பக்கத்து வீடுகளில் இந்த நோய் ஒளிந்துகொள்ள வசதி அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் எந்தத் தெருவில் விடிகாலை நடந்தாலும், நாக்கு வழித்து ஓங்கரிக்கும் சத்தம் நாலு வீட்டிலாவது கேட்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பித்தம் ஏறிவிட்டது என்று வாந்தி எடுத்துத் தீர்த்துக்கொள்வதும் பழக்கம்தான். சித்த மருத்துவத்தின் பிணியணுகா விதியே ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்தும் நாலு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்தும் சொல்கிறது. விளக்கெண்ணெய் கொடுத்து வயிறு கழுவிய தலைமுறை இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. விரதத்துக்கும் குறைவில்லை: கள்ளபிரான் கோயில் ஊருக்கு ஏகாதசி, கடற்கரைப் பங்குகளுக்குத் தவக்காலம், காயல்பட்டினத்துக்கு நோன்பு.

இவை எதுவும் நோயல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வைத்தியர் நாள் பார்த்துக் கொடுக்கும் பேதி மருந்து ஒன்று. தின்றுவிட்ட பயத்தில் வாரம் மூன்று தடவை மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரை வேறொன்று. ஏகாதசி இருப்பவர் துவாதசி காலையில் பாரணை முடித்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போவார். புலிமியா உள்ளவருக்கு விரதம் முடியும் நேரம்தான் பயம் தொடங்கும் நேரம். ஆனால் இத்தனை பழக்கங்களுக்கு நடுவே ஒரு பெண் தினமும் சாப்பிட்ட கையோடு குளியலறைக்குப் போய் பைப்பைத் திறந்துவிட்டால், ‘அவளுக்குப் பித்த உடம்பு’ என்று வீடு முடிவு கட்டிவிடுகிறது. ஊரே அறியாத நோய் என்று நினைக்க வேண்டாம். இளவரசி டயானா 1995 நவம்பரில் பிபிசி பேட்டியில் தனக்குப் பல ஆண்டுகள் புலிமியா இருந்ததைச் சொன்னார். எடை அப்படியே இருந்ததால் மறைப்பது எளிதாக இருந்தது என்ற பொருளில் அவர் சொன்னது, அரண்மனைக்கும் நம் தெருவுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும்.

இந்த ரகசியத்தை முதலில் பார்த்துவிடுகிறவர் பல நேரம் பல் மருத்துவர். வாயை அகலத் திறக்கச் சொல்லி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, மேல்வரிசை முன்பற்களின் உள்பக்கத்தைப் பார்ப்பார். வெளியே சிரிக்கும்போது ஒன்றும் தெரியாது. நாக்கு படும் அந்தப் பக்கத்தில் வயிற்று அமிலம் பட்டுப் பட்டு எனாமல் கரைந்து, வழவழத்து, மஞ்சள் தட்டி, ஓரம் மெலிந்திருக்கும். காபி குடித்தால் கூசும். இன்னொரு தடயம் கையில்: விரல் முட்டியின் மேல் பல் உரசி உரசி ஏற்பட்ட சிறு காய்ப்பு. இதற்கு மருத்துவத்தில் ரஸ்ஸல் பெயரையே வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் இருக்காது, இருந்தால் கேட்காமல் விடக் கூடாது. காதுக்குக் கீழே இரு கன்னமும் உப்பியிருப்பது மூன்றாவது. பொன்னுக்குவீங்கி என்று கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுவிடுவார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். பொன்னுக்குவீங்கி காய்ச்சலும் வலியுமாக வந்து ஓரிரு வாரத்தில் வடிந்துவிடும். வலியே இல்லாமல் மாதக்கணக்கில் உப்பியிருந்தால் அது எச்சில் சுரப்பி வீங்கியிருப்பது.

இடையில் ஒரு சின்னச் செய்தி. வாந்தி எடுத்தவுடன் பல் தேய்ப்பது சுத்தம் போலத் தோன்றும். அமிலத்தில் இளகியிருக்கும் எனாமலை அது சேர்த்தே வழித்தெடுத்துவிடும். வெறும் தண்ணீரிலோ கொஞ்சம் சோடா உப்பு கலந்த தண்ணீரிலோ கொப்பளித்துவிட்டு, தேய்ப்பதை அரைமணி நேரமாவது தள்ளிப்போடுவது நல்லது.

பல் போனால் கட்டிக்கொள்ளலாம். உயிருக்கு ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. வாந்தியிலும் பேதியிலும் உடம்பின் தண்ணீரோடு பொட்டாசியம் என்ற உப்புச் சத்தும் போகிறது. இரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்க இறங்க கை கால் தளரும், தசை பிடிக்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும்; மிகவும் குறைந்தால் இதயம் நின்றுவிடக்கூடும். முந்தின நாள் வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவருக்கும் இது நடக்கலாம். தாமிரபரணிக் கரையில் வாழைக்குப் பஞ்சமில்லை, வாழைப்பழத்தில் பொட்டாசியம் உண்டு என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதற்காக நாலு பழம் தின்று சரிசெய்துகொள்ளலாம் என்று எண்ணிவிடக் கூடாது. தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு இரத்தப் பரிசோதனை எடுத்து, இசிஜி பார்த்து, மருத்துவர் கொடுக்கும் அளவில்தான் அந்த உப்பை ஏற்ற வேண்டும். தலைசுற்றி விழுவது, நெஞ்சு படபடப்பு, வாந்தியில் இரத்தம், நெஞ்சுவலி, சாக வேண்டும் என்ற எண்ணம் இவற்றில் எது இருந்தாலும் மறுநாள் காலைக்குக் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். இந்தப் பழக்கம் உள்ள கர்ப்பிணிகளும், எடை குறையட்டும் என்று இன்சுலினை விட்டுவிடும் சர்க்கரை நோயாளிகளும் இந்த வரிசையில்தான் வருகிறார்கள்.

இத்தனை விலை கொடுத்து வாங்குவது என்ன? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆய்வகத்தில் அளந்து பார்த்தபோது, வாந்தி எடுத்த பிறகும் தின்றதில் ஏறக்குறைய பாதி உடம்பிலேயே தங்கிவிடுவது தெரிந்தது. பேதி மாத்திரை வேலை செய்வது பெருங்குடலில்; உணவின் சத்தை அதற்கு முன்பே சிறுகுடல் உறிஞ்சிவிடுகிறது. மறுநாள் எடை மெஷினில் குறைந்து தெரிவது தண்ணீர். இதை முன்கூட்டித் தெரிந்துகொள்வதில் இன்னொரு பயனும் உண்டு. நெடுநாள் போட்ட பேதி மாத்திரையை நிறுத்தினால் சில நாளோ சில வாரமோ உடம்பில் நீர் கோத்து எடை கூடியது போலிருக்கும். பலர் அந்தப் பயத்தில்தான் மறுபடி மாத்திரைக்குத் திரும்புகிறார்கள். அது தானே வடிந்துவிடும்.

ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. பரம்பரைக்குப் பங்குண்டு, மனச்சோர்வும் பதற்றமும் கூடவே வருவதுண்டு. ஆனால் பெரும்பாலானவர்களின் கதை ஒரு ‘டயட்’டில் தொடங்குகிறது. இந்தத் தொடர்பைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944–45-ல் நடந்த ஒரு சோதனையைப் பார்க்கலாம். ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், திடகாத்திரமான 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். எல்லோரும் மனத்திடத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். நாள் போகப் போகச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லாமல் ஆனார்கள். சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். பட்டினி முடிந்து உணவு கிடைத்தபோது சிலர் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் தின்றார்கள், தின்று வாந்தி எடுத்தவரும் உண்டு. மன உறுதி இல்லாததால்தான் தின்கிறாள் என்று சொல்பவர்களுக்கு இது பதில். காலையும் மதியமும் வெறும் வயிறாக இருந்தவளை இரவு அடுக்களைக்கு இழுத்துப் போவது உடம்பு. தின்றுவிட்ட குற்றவுணர்வை வாந்தி தற்காலிகமாகத் துடைக்கும். நாளை முதல் இன்னும் கண்டிப்பான டயட் என்று சபதம் பிறக்கும். அந்தச் சபதமே அடுத்த இரவைத் தயார் செய்யும்.

டயட்டைத் தொடங்கி வைப்பது யார்? இங்கே நான் கொஞ்சம் கோபமாகத்தான் பேசுவேன். கோயில் கொடைக்கு வந்த அத்தை வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், ‘என்ன ளா, ஒரு சுத்து பருத்துட்ட’ என்கிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் ‘பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு’ என்று தரகரிடம் சொல்லி அனுப்புகிறார்கள். அதே அத்தைதான் பந்தியில் இரண்டாவது தடவை சோறு போட்டுவிட்டு, ‘ஒழுங்காத் தின்னு’ என்று அதட்டுகிறாள். சாப்பிடாவிட்டாலும் குற்றம், சாப்பிட்டாலும் குற்றம். இப்போது அத்தையின் வேலையைக் கைப்பேசி இருபத்துநாலு மணி நேரமும் பார்க்கிறது. படத்தின் வலிமை என்ன என்பதற்கு ஃபிஜித் தீவு சாட்சி. அங்கும் நம் ஊர்போலத்தான், விருந்தாளியைச் சாப்பிட வைப்பதே மரியாதை, நிறைந்த உடம்பே அழகு. நத்ரோகா என்ற பகுதிக்கு 1995-ல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அப்போது பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது, எடைக்காக வாந்தி எடுப்பதாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. 1998-ல் மறுபடி கேட்டார். நூற்றுக்கு 11 பேருக்கு மேல் ஆமாம் என்றார்கள்.

நம் மாநிலத்தில்? வேலூர் சி.எம்.சி.யில் குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு 2000 முதல் 2005 வரை வந்தவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து, 2007-ல் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் வெளியிட்டார்கள். உணவு தொடர்பான மனநோய் என்று அடையாளம் காணப்பட்டவர்கள் 41 பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது மனக் காரணத்தால் தானாக வரும் வாந்தி. மீதிப் பேருக்கு அனோரெக்ஸியா என்ற பட்டினி நோய். தானாக வரும் வாந்தி புலிமியா அல்ல, அதற்குச் சிகிச்சையும் வேறு. ஆகவே ‘வாந்தி’ என்று வருபவரிடம் அதைத் தானே வரவழைக்கிறாரா என்று மருத்துவர் தனியாக உட்கார்ந்து கேட்டாக வேண்டும். சென்னையில் 1990-களில் 210 மருத்துவ மாணவர்களிடம் நடந்த ஆய்வில், நோய் என்ற அளவுக்குப் போகாத, ஆனால் உணவையும் எடையையும் பற்றிய தீராத உளைச்சல் ஏழில் ஒருவருக்கு இருந்தது. அதற்குப் பிறகுதான் கைப்பேசியே வந்தது.

பெண்களை மட்டும் சொல்லிவிட்டேன். ஆண்களுக்கும் உண்டு; மறைப்பது இன்னும் எளிது. ஜிம்மில் வெறியோடு ஓடுவதை ஊர் ஒழுக்கம் என்று மெச்சும். கபடிப் போட்டிக்கு எடைப் பிரிவில் நுழைய முந்தின நாள் பட்டினியும் பேதியுமாகக் கிடக்கும் பையன்களைப் பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டும்.

இனி சிகிச்சை. பயனுள்ளது என்று நன்றாக நிரூபிக்கப்பட்டது சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை. மருத்துவர்கள் சிபிடி என்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் இந்த நோய்க்கென்று அதை வடிவமைத்தார். வழக்கமாக 20 வாரம், 20 அமர்வு. உள்ளே போய்ப் பார்த்தால் மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டேன், எப்போது, எங்கே, அப்போது மனம் எப்படி இருந்தது, வாந்தி எடுத்தேனா என்று அன்றன்றே எழுத வேண்டும். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். நாலு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக் கூடாது. நம் ஊர்க் கணக்கில் காலை இட்லி, பதினொரு மணிக்குச் சுண்டலோ பழமோ, மதியம் சோறு, மாலை டீயும் ஒரு வடையும், இரவு தோசை. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் அந்த நேரத்துக்கு அது. எடை கூடிவிடும் என்று அலறத் தோன்றும். பெரும்பாலோருக்கு எடை அதிகம் மாறுவதில்லை. மெஷினில் ஏறுவது வாரம் ஒருமுறை மட்டும். இது நிலைத்த பிறகு, ‘தொடவே மாட்டேன்’ என்று ஒதுக்கிய பண்டங்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவருவார்கள். முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் சேர்ந்த அந்தத் தூத்துக்குடி மக்ரூனில் ஒன்றிரண்டை, பகலில், நாலு பேர் முன்னால், உட்கார்ந்து, வாயில் கரையும்வரை சுவைத்துச் சாப்பிட்டு, அதன்பின் எழுந்து போகாமல் இருப்பது சிகிச்சையில் ஒரு பெரிய கட்டம். கடைசியில்தான் கண்ணாடி, உடல்வாகு, பிறர் பேச்சு பற்றிய சிந்தனைகளைக் கையில் எடுப்பார்கள். முழுச் சிகிச்சையையும் முடிப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாந்தி அடியோடு நின்றுவிடுகிறது. மற்றவர்களில் பலருக்கு வெகுவாகக் குறைகிறது. முதல் நாலு வாரத்திலேயே முன்னேற்றம் தெரிந்தால் நல்ல அறிகுறி.

மருந்தும் உண்டு. ஃப்ளூஆக்ஸெடின் என்ற மாத்திரையை அமெரிக்க மருந்துத் துறை இந்த நோய்க்கென்றே அனுமதித்திருக்கிறது. மனச்சோர்வுக்கு வழக்கமாக 20 மில்லிகிராமில் தொடங்குவார்கள். புலிமியாவுக்கு 60 வரை போகும். அளவை ஏற்றுவது மருத்துவர் வேலை. பலன் தெரிய சில வாரம் ஆகும். ப்யூப்ரோப்பியான் என்ற மருந்து மட்டும் புலிமியா உள்ளவருக்கு ஆகாது, வலிப்பு வரும் அபாயம் உண்டு. மனச்சோர்வுக்கோ புகைப்பழக்கத்துக்கோ மருந்து வாங்கப் போகும்போது வாந்திப் பழக்கத்தை மறைத்தால் ஏற்படும் ஆபத்து இது.

ஸ்ரீவைகுண்டத்தில் இருப்பவர் எங்கே தொடங்குவது? பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலேயே தொடங்கலாம். அங்குள்ள பொது மருத்துவரிடம் பொட்டாசியம் பரிசோதனையும் இசிஜியும் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வரும் கிழமையையும் விசாரியுங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. இரண்டும் ஒரே பஸ்ஸில் போய்வரும் தூரம். தெரிந்தவர் பார்த்துவிடுவார்கள் என்று தயங்குபவர் முதலில் 14416-க்குப் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசில்லை. சிக்கலான நிலை என்றால் வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளி சொன்னதை ரகசியமாக வைக்க மருத்துவர் கடமைப்பட்டவர். கல்யாணத்துக்கு முன் தெரிந்துவிடுமோ என்று பயப்படும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கண்டுபிடித்த வீட்டாருக்கு ஒன்று. குளியலறைக் கதவைத் தட்டிப் பிடிக்கப் போக வேண்டாம். அடுக்களையைப் பூட்ட வேண்டாம். ‘எத்தனை பேர் சோத்துக்கு இல்லாம இருக்கான்’ என்ற பிரசங்கம் வேண்டவே வேண்டாம். அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும், அந்த வெட்கத்தில்தான் பூட்டிக்கொண்டு அழுகிறாள். அம்மா ஒருத்தி இப்படிச் சொன்னால் போதும்: ‘நீ சாப்ட்டுட்டு வாந்தி எடுக்கது எனக்குத் தெரியும்ளா. ஏசமாட்டேன். நாளைக்கு நானும் கூட வாரேன், டாக்டர்ட்ட போவோம்.’ சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் டிவி பார்த்துக்கொண்டோ பூக் கட்டிக்கொண்டோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது உண்மையான உதவி. பதின்வயதுப் பிள்ளை என்றால் சிகிச்சையிலேயே பெற்றோருக்கு இடமுண்டு. கூப்பிட்டால் அப்பாவும் போக வேண்டும். சிகிச்சை முடியும்வரை விரதங்களை விட்டுவிடச் சொன்னால் விட்டுவிடலாம், நோயாளிக்கு எந்தச் சமயமும் விலக்குக் கொடுத்திருக்கிறது.

இதைப் படிப்பவருக்கே அந்தப் பழக்கம் இருந்தால்: வயிற்றுவலி, அல்சர் என்று சுற்றி வளைத்துச் சொல்லி ஜெலுசிலோடு திரும்பி வராதீர்கள். ஓ.பி. சீட்டைக் கொடுத்துவிட்டு, ‘அளவில்லாமச் சாப்பிடுறேன், அப்புறம் நானே வாந்தி எடுக்கிறேன், நிறுத்த முடியல’ என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டுங்கள். இந்த வாரத்திலேயே போங்கள்.